கரன்ட் பில்லைக் குறைக்க அரசுக் கடன்... கிராமத்து வீடுகளுக்கு ஏன் சரிவராது?

"கடன் வாங்கி வீட்டைச் சரிசெய்யுங்கள். கரன்ட் பில் குறையும். குறைந்த தொகையிலேயே மாதத் தவணையைக் கட்டிவிடலாம். கையை விட்டு ஒரு ரூபாய் போகாது."

அரசே இப்படிச் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? மின்சாரம் மிச்சம், சுற்றுச்சூழலுக்கு நல்லது, கிராமத்துக் குடும்பத்துக்கும் லாபம். கொடுத்த பணமும் அரசுக்குத் திரும்பி வந்துவிடும். கேட்பதற்கு எல்லாமே ஜோராகத்தான் இருக்கிறது.

அமெரிக்கா இந்தத் திட்டத்தைச் சட்டமாகவே கொண்டுவந்தது. பிரிட்டன் இதன் இன்னொரு வடிவத்தை முயன்று பார்த்துக் கைவிட்டது. இந்தியாவில் சமையல் கேஸ் அடுப்புக்கு இதே பாணியில் கடன் கொடுக்கப்பட்டது. பிறகு அரசே அதிலிருந்து பின்வாங்கியது. மூன்று நாடுகள், மூன்று திட்டங்கள். மூன்றிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: கிராமத்து ஏழை வீட்டின் மின்சாரச் செலவைக் குறைப்பது அரசின் கடமையாக இருக்கலாம். ஆனால், அதற்குக் கடன் சரியான வழி அல்ல.

ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமெரிக்கத் திட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்க வேளாண் துறையின் கீழ் 'ஊரக எரிசக்தி சேமிப்புத் திட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 2010-லேயே இதற்கான மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆனால், அப்போது அது சட்டமாகவில்லை. பிறகு 2014 வேளாண் சட்டத்தின் வழியாக நடைமுறைக்கு வந்தது.

திட்டம் இயங்கும் விதம் சிம்பிள். அமெரிக்கக் கிராமங்களில் மின்சாரம் விநியோகிப்பது பெரும்பாலும் கூட்டுறவு சங்கங்கள். நாடு முழுக்கச் சுமார் 900 மின் கூட்டுறவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு வேளாண் துறை வட்டியே இல்லாமல் 20 ஆண்டுகள் வரை கடன் கொடுக்கும். சங்கம் அந்தப் பணத்தைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்த வட்டியில் மறுபடி கடனாகக் கொடுக்கும். வட்டிக்கான உச்சவரம்பு முதலில் 3 சதவீதமாக இருந்தது. 2018-ல் அது 5 சதவீதமாக உயர்த்தப்பட்டது.

வாடிக்கையாளர் அந்தப் பணத்தில் கூரைக்கும் சுவருக்கும் இன்சுலேஷன் போடலாம். குளிர்காற்று நுழையும் இடுக்குகளை அடைக்கலாம். பழைய ஹீட்டரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் மாட்டலாம். தவணை மாதாமாதம் கரன்ட் பில்லோடு சேர்ந்து வரும்.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. அமெரிக்கக் கிராமங்களில், குறிப்பாகத் தென் மாநிலங்களில், பழைய மொபைல் வீடுகள் நிறைய உண்டு. தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் வீடுகள் அவை. சுவர் மெல்லிசு, கூரை மெல்லிசு. குளிர்காலத்தில் ஹீட்டருக்கும் கோடையில் ஏசிக்கும் போகும் பணம் அந்தக் குடும்பங்களின் வருமானத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது. பிரச்சினை நிஜமானது. தீர்வில்தான் கோளாறு.

கம்பிக்குக் கடன் வேறு... கூரைக்குக் கடன் வேறு!

இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் ஒரு பெருமையான வரலாற்றைச் சுட்டிக்காட்டுவார்கள். 1930-களில் அமெரிக்கக் கிராமங்கள் பெரும்பாலும் இருட்டில் இருந்தன. தனியார் நிறுவனங்கள் லாபம் இல்லை என்று அங்கே கம்பி இழுக்க மறுத்தன. அதிபர் ரூஸ்வெல்ட் 1935-ல் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தார். 1936-ல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவு சங்கம் தொடங்கினார்கள், அரசு கடன் கொடுத்தது, கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. 'அன்று கம்பிக்குக் கடன், இன்று இன்சுலேஷனுக்குக் கடன், இரண்டும் ஒன்றுதானே' என்பது அவர்கள் வாதம்.

இரண்டும் ஒன்றல்ல.

மின்கம்பிக்கு வாங்கிய கடன் சங்கத்தின் பெயரில் இருந்தது. கம்பியும் கம்பமும் சங்கத்தின் சொத்து. அதில் மின்சாரம் ஓட ஓட, நூற்றுக்கணக்கான வீடுகளிலிருந்து வருமானம் வரும். ஒரு வீடு பில் கட்டாவிட்டாலும் சங்கம் மூழ்காது. அந்த ரிஸ்க்கை ஊரே பகிர்ந்துகொண்டது.

இன்சுலேஷன் அப்படியல்ல. ஒரே ஒரு குடும்பத்தின் கூரைக்கு அடியில் கிடக்கும் பொருள் அது. பிரித்து எடுத்து விற்க முடியாது. வருமானம் எதையும் அது கொண்டுவராது. ஆகும் செலவைக் குறைக்கும், அவ்வளவுதான். எவ்வளவு குறைக்கும் என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. குறையாவிட்டால் அந்த நஷ்டம் முழுக்க ஒரே குடும்பத்தின் தலையில் விழும்.

ஆக, பெயர் ஒன்றாக இருந்தாலும், 1936-ல் ஊர் சேர்ந்து சுமந்த ரிஸ்க்கை இன்று தனித்தனி வீட்டின் தோளில் ஏற்றி வைப்பதுதான் இந்தக் கடன்.

'மிச்சம்' என்பது கணக்கா... கணிப்பா?

இந்தத் திட்டமே ஒரு அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: மாதம் மிச்சமாகும் தொகை, மாதத் தவணையைவிட அதிகமாக இருக்கும். அது நடக்குமா?

நடந்த ஓர் இடம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தெற்கு கரோலினா மாநிலத்தில் 2011-ல் மின் கூட்டுறவுகள் ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தின. 125 வீடுகள். ஒவ்வொரு வீட்டையும் முதலில் சோதித்து, தேவையானதை மட்டும் செய்தார்கள். சராசரியாகச் சுமார் 7,700 டாலர் கடன், 2.5 சதவீத வட்டி. மின் பயன்பாடு சராசரியாக 34 சதவீதம் குறைந்தது. தவணை கட்டியதுபோக ஆண்டுக்கு 288 டாலர் மிச்சம். கடன் திட்டத்தின் ஆதரவாளர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் வெற்றிக் கதை இதுதான்.

இந்த வெற்றிக் கதையையே கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 7,700 டாலரை 10 ஆண்டுகளில் அடைக்க வேண்டுமென்றால் தவணை ஆண்டுக்கு ஏறக்குறைய 870 டாலர் வரும். அதற்கு மேல் 288 டாலர் மிச்சம் என்றால், மொத்தச் சேமிப்பு ஆண்டுக்குச் சுமார் 1,158 டாலர். இந்தச் சேமிப்பு எதிர்பார்த்ததைவிடக் கால் பங்கு குறைந்துவிட்டால் என்ன ஆகும்? லாபம் பூஜ்ஜியம். அதற்கும் கீழே போனால், குடும்பம் கையிலிருந்து பணம் போட்டுத் தவணை கட்ட வேண்டும். அதுவும் பொறுக்கியெடுத்துக் கவனமாகச் செய்த 125 வீடுகளிலேயே இவ்வளவு மெல்லிய இடைவெளிதான். லட்சக்கணக்கான வீடுகளுக்கு விரித்தால்?

இந்தக் கேள்விக்குப் பதில் மிச்சிகன் மாநிலத்தில் கிடைத்தது. அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளை அரசே இலவசமாகச் சீரமைத்துத் தரும் திட்டம் ஒன்று நடக்கிறது. 1976-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பகுதி அது. மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வோல்ஃப்ரம் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள், 30,000-க்கும் அதிகமான குடும்பங்களை வைத்து அதை ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலருக்கும் அதிர்ச்சி. பொறியாளர்களின் கம்ப்யூட்டர் மாடல் சொன்ன சேமிப்பு, நிஜத்தில் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டைச் சரிசெய்ய ஆன செலவோ, கிடைத்த எரிசக்திச் சேமிப்பின் மதிப்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்தக் குடும்பங்களுக்கு இதில் நஷ்டம் இல்லை. ஏனென்றால், அவர்களுக்கு அது இலவசம். செலவுக்கேற்ற சேமிப்பு வரவில்லை என்ற வலி அரசுக்குத்தான். ஆனால், அதே வேலையைக் கடனில் செய்திருந்தால்? கணிப்பு தப்பியதற்கான விலையை அந்தக் குடும்பங்கள் பத்து வருஷம் கட்டியிருக்கும்.

'இலவசத் திட்டமும் வீண்தான் என்றுதானே இந்த ஆய்வு சொல்கிறது?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இலவசத் திட்டங்களையும் சரிபார்க்க வேண்டும், எந்த வேலைக்கு எவ்வளவு பலன் என்று அளந்து பார்த்துத் திருத்த வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அரசின் மானியம் கணக்கில் தப்பினால் அடுத்த பட்ஜெட்டில் திருத்திக்கொள்ளலாம். ஒரு குடும்பத்தின் கடன் கணக்கில் தப்பினால், அடுத்த மாதச் சாப்பாட்டுச் செலவில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டன் ஏன் கைவிட்டது?

இதே யோசனையைக் கிராமம், நகரம் என்று பார்க்காமல் நாடு முழுக்க விரித்த நாடு பிரிட்டன். 2013 ஜனவரியில் 'கிரீன் டீல்' என்ற பெயரில் திட்டம் வந்தது. வீட்டை மேம்படுத்தக் கடன் வாங்கலாம், தவணை கரன்ட் பில்லில் வரும், சேமிப்பைவிடத் தவணை அதிகமாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குத் 'தங்க விதி' என்றே பெயர் வைத்தார்கள்.

தங்க விதியிலும் ஓட்டை இருந்தது. அது எதிர்பார்க்கப்படும் சேமிப்பை வைத்துப் போட்ட கணக்கு. நிஜச் சேமிப்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வட்டியும் 7 சதவீதத்துக்குக் குறையவில்லை. வீட்டைச் சோதித்துப் பார்க்க லட்சக்கணக்கானோர் சம்மதித்தார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வந்தவர்களோ மிகக் குறைவு.

2015 ஜூலையில் அரசு இதற்கான நிதியை நிறுத்தியது. அடுத்த ஆண்டு அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. மக்களின் வரிப்பணத்தில் செலவு 24 கோடி பவுண்டு. கடன் எடுத்த வீடுகள் சுமார் 14,000. அதாவது ஒரு கடனுக்கு ஏறக்குறைய 17,000 பவுண்டு. பெரும்பாலான வீடுகளுக்கு இவ்வளவு பணத்தை நேராகவே கொடுத்திருந்தால் வேலையும் முடிந்து மிச்சமும் இருந்திருக்கும்.

'கடன் என்றால் பணம் திரும்பி வரும், அதனால் மானியத்தைவிட மலிவு' என்ற வாதம் பேப்பரில் சரி. ஆனால், கடன் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். வீட்டைச் சோதிக்க ஆள் வேண்டும். பில்லில் தவணை சேர்க்க மென்பொருள் வேண்டும். விளம்பரம் வேண்டும், வசூல் வேண்டும், புகார் கேட்க ஆள் வேண்டும். இவ்வளவையும் கட்டி முடித்த பிறகு கடன் கேட்டு ஆள் வராவிட்டால், மொத்தமும் தண்டம்.

நம் ஊரில் நடந்தது: அடுப்புக் கடன்

'அதெல்லாம் வெளிநாட்டுக் கதை' என்று ஒதுக்க முடியாது. இந்தியாவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது.

2016 மே மாதம் பிரதமரின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் சமையல் கேஸ் இணைப்பு. ஓர் இணைப்புக்கு அரசு 1,600 ரூபாய் கொடுத்தது. டெபாசிட், ரெகுலேட்டர், ட்யூப் போன்றவை அதில் அடங்கும். ஆனால் அடுப்பு, முதல் சிலிண்டர் இரண்டும் அதில் இல்லை. கையில் பணம் இல்லாதவர்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் அதைக் கடனாகக் கொடுத்தன.

கடனை எப்படி வசூலித்தார்கள்? கடன் வாங்கியவர் சிலிண்டரைச் சந்தை விலைக்கே வாங்க வேண்டும். வழக்கமாக வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய கேஸ் மானியம், கடன் அடையும்வரை எண்ணெய் நிறுவனத்துக்குப் போய்விடும். தனியாகத் தவணை கட்டத் தேவையில்லை. அமெரிக்கத் திட்டத்தின் அதே கவர்ச்சி: 'கையை விட்டு ஒன்றும் போகாது.'

போனது. மற்றவர்களுக்கு மானிய விலையில் கிடைத்த சிலிண்டர், கடன் வாங்கிய ஏழைக் குடும்பத்துக்கு மட்டும் முழு விலை. அன்றாடக் கூலி வாங்கும் ஒரு வீட்டில் மொத்தமாக அவ்வளவு பணத்தை எடுத்து வைப்பது லேசான காரியம் இல்லை. பக்கத்தில் விறகு சும்மா கிடைக்கிறது. சிலிண்டரை மறுபடி நிரப்பாமல் அடுப்பை ஓரம் கட்டிவிட்டு, விறகடுப்புக்கே திரும்பிய குடும்பங்கள் ஏராளம்.

2019-ல் வெளியான சிஏஜி தணிக்கை அறிக்கை இதை எண்களில் காட்டியது. 2018 டிசம்பர் நிலவரப்படி, ஓராண்டுக்கு மேல் இணைப்பு வைத்திருந்த உஜ்வலா குடும்பங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.21 சிலிண்டர்தான் வாங்கின. மானியத்துக்குத் தகுதியான எண்ணிக்கை 12. கடன் வாங்கியவர்களில் சுமார் 92 லட்சம் பேர் குறைவாகவே சிலிண்டர் வாங்கியதால், 1,234 கோடி ரூபாய்க்கும் மேல் கடன் வசூலாகாமல் நின்றது.

சிலிண்டர் வாங்கினால்தான் மானியம், மானியம் வந்தால்தான் வசூல். குடும்பம் சிலிண்டரே வாங்காவிட்டால்? கடனும் அடையாது, புகையும் ஒழியாது. சிலிண்டர் குறைந்ததற்குக் கடன் மட்டுமே காரணம் இல்லை. விலை, வழக்கம், தூரம் எல்லாம் உண்டு. ஆனால், ஏற்கெனவே தள்ளாடும் வீட்டின் மேல் முழு விலைச் சுமையையும் ஏற்றியது அந்தக் கடன் ஏற்பாடுதான்.

அரசுக்கும் அது புரிந்தது. 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆறு சிலிண்டர்களுக்குக் கடன் வசூல் தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் உஜ்வலாவின் இரண்டாம் கட்டம் வந்தபோது அடுப்பும் முதல் சிலிண்டரும் இலவசம் என்று அறிவிக்கப்பட்டது. கடன் வேலைக்காகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டுமா?

தவணை தவறினால் இருட்டு!

சாதாரணக் கடனில் தவணை தவறினால் வங்கியிலிருந்து போன் வரும், ஆள் வருவார். கரன்ட் பில்லோடு சேர்த்த கடனில் தவணை தவறினால், ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம்.

இது மிகைப்படுத்தல் இல்லை. தெற்கு கரோலினாவின் முன்னோட்டத் திட்டத்துக்கு வழிவகுத்த மாநிலச் சட்டம், தவணை கட்டாவிட்டால் மின் இணைப்பைத் துண்டிக்க இடம் கொடுத்தது. கடன் கொடுப்பவர் கோணத்தில் இது பாதுகாப்பு. வராக்கடன் குறையும். கடன் வாங்கியவர் கோணத்தில்? இன்சுலேஷன் சரியாகப் போடப்படவில்லை, பில் குறையவில்லை, ஒப்பந்தக்காரரிடம் சண்டை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நியாயம் கேட்டுத் தவணையை நிறுத்தினால் வீட்டில் விளக்கு எரியாது. உணவு, தண்ணீர்போல அத்தியாவசியமான ஒன்றையே அடமானமாக வைக்கும் கடன் இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல இடங்களில் இந்தக் கடன் ஆளோடு அல்ல, மீட்டரோடு ஒட்டிக்கொள்கிறது. வீடு கைமாறினால் புதிதாக வருபவர் மிச்சத் தவணையைக் கட்ட வேண்டும். வாடகை வீடு என்றால் குழப்பம் இன்னும் அதிகம். வீட்டுக்காரரின் சொத்து மதிப்பு உயர, குடியிருப்பவர் தவணை கட்டுவார்.

கடன் யாருக்குத்தான் கிடைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். கொடுத்த பணம் திரும்ப வர வேண்டும் என்றால், சங்கம் ஒழுங்காகப் பில் கட்டிய வரலாறு உள்ளவர்களைத்தான் தேடும். கூரை ஒழுகும் வீட்டில் இன்சுலேஷன் போட்டுப் பயனில்லை. முதலில் கூரையைச் சரிசெய்ய வேண்டும். அதனால் மிகவும் பழுதான வீடும், மிகவும் ஏழையான குடும்பமும் வரிசையிலேயே நிற்க முடியாது. கடைசியில் மலிவு வட்டி போய்ச் சேர்வது, சொந்தப் பணத்திலோ வங்கிக் கடனிலோ எப்படியும் வேலையைச் செய்திருக்கக்கூடியவர்களுக்கு.

தமிழ்நாட்டில் யாருக்கு மிச்சம்?

இந்த யோசனை நாளைக்குத் தமிழ்நாட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

இங்கே வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு டிவி இருக்கும் ஒரு கிராமத்து வீடு இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பில் பூஜ்ஜியம்.

அந்த வீட்டின் 75 வாட் பழைய ஃபேனை மாற்றி 28 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால், தினமும் 12 மணி நேரம் ஓடும் கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 34 யூனிட் மிச்சமாகும். நல்ல சேமிப்புதான். ஆனால், குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? முன்பும் பில் பூஜ்ஜியம், இப்போதும் பூஜ்ஜியம். அந்த 34 யூனிட்டின் பலன் முழுக்க மின்வாரியத்துக்கும், இலவச மின்சாரத்துக்கு மானியம் கட்டும் மாநில அரசுக்கும்தான்.

அப்படியிருக்க, ஃபேனுக்கான மூவாயிரம் ரூபாய் சொச்சத்தைக் குடும்பம் கடன் வாங்கிக் கட்ட வேண்டும் என்பது என்ன நியாயம்? மிச்சம் யாருக்கோ, செலவும் அவருக்குத்தானே? 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளின் பில்லே சில நூறு ரூபாய்தான். அதில் தவணை கட்டும் அளவுக்குச் சேமிக்க இடமே இல்லை.

போதாததற்கு, கிராமங்களில் கடனுக்குப் பஞ்சமும் இல்லை. குழுக் கடன், நுண்கடன், நகைக் கடன் என்று ஒரே வீட்டில் மூன்று தவணை ஓடுவது சகஜம். வசூல் கெடுபிடியைத் தடுக்கத் தமிழக சட்டமன்றம் 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டிய நிலை இருந்தது. அந்த வீடுகளுக்கு இன்னொரு தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதை 'நலத்திட்டம்' என்று அழைப்பது சரியா?

எல்லாக் கடனும் தப்பா என்றால், இல்லை. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. மீதிக்குச் சுமார் 7 சதவீத வட்டியில் வங்கிக் கடனும் அறிவிக்கப்பட்டது. ஏசி ஓடும், கரன்ட் பில் ஆயிரக்கணக்கில் வரும், சொந்த மாடி இருக்கும் வீட்டுக்கு அந்தக் கணக்கு சரிவரலாம். அவர்களால் கணக்கு தப்பினாலும் தாங்க முடியும். அதே ஃபார்முலாவைக் கூலி வேலை செய்யும் வீட்டுக்குப் பொருத்தும்போதுதான் உதைக்கிறது.

அப்போ என்னதான் வழி?

வழி இருக்கிறது. இந்தியாவே ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது.

2014-ல் எல்இடி பல்பு சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. மத்திய அரசின் இஇஎஸ்எல் நிறுவனம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்க ஆரம்பித்தது. 2014-ல் ஒரு பல்பு சுமார் 310 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் இதுவரை 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் விற்கப்பட்டிருக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உஜாலாவிலும் தொடக்கத்தில் கரன்ட் பில்லில் மாதம் 10 ரூபாய் கட்டும் தவணை வசதி இருந்தது. பல்பின் விலை 70 ரூபாய் அளவுக்கு வந்ததும் தவணைக்கே வேலையில்லாமல் போனது. மக்கள் கடையில் காய்கறி வாங்குவதுபோல பல்பு வாங்கினார்கள். அதாவது, விலையை உடைத்தால் கடன் தேவையில்லை.

அந்த விலைகூடக் கட்டுப்படியாகாத கிராமங்களுக்கு 2021-ல் கிராம உஜாலா வந்தது. பீகாரின் ஆராவில் தொடங்கி, வாரணாசி, விஜயவாடா, நாக்பூர் பகுதிகளிலும் மேற்கு குஜராத்திலும் நடந்த அந்தத் திட்டத்தில், எரியும் பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய்க்கு எல்இடி வாங்கிக்கொள்ளலாம். மீதிச் செலவை கார்பன் கிரெடிட் வருமானத்தில் ஈடுகட்டுவது ஏற்பாடு. கிராமத்து வீட்டின் மின் சிக்கனம் என்றால் இதுதான்: கடனும் இல்லை, மீட்டரில் ஒட்டிய பாக்கியும் இல்லை.

மூன்றாவது வழி, தர விதிகள். சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் 2023 ஜனவரி முதல் கட்டாயம். மின்சாரத்தை விழுங்கும் மட்டமான பொருள் கடைக்கே வராமல் செய்துவிட்டால், ஏழைக் குடும்பம் தனியாக 'சிக்கனம்' செய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை ஃபேன் வாங்கும்போது தானாகவே நல்லது கிடைக்கும்.

அமெரிக்காவுக்கும் இதே வரிசைதான் பொருந்தும். மிகப் பழுதான வீடுகளுக்கு மானியம். எந்த வேலைக்கு நிஜமாகவே பலன் இருக்கிறது என்று அளந்து, அதற்கு மட்டும் பணம். புதிதாகத் தயாராகும் மொபைல் வீடுகளுக்குக் கடுமையான தரம். கூட்டுறவு சங்கமே கடன் வாங்க விரும்பினால் வாங்கட்டும். அந்தப் பணத்தில் வேலையைச் செய்து, எதிர்பார்த்த சேமிப்பு வராத ரிஸ்க்கைச் சங்கமே சுமக்கட்டும், 1936-ல் கம்பிக்குச் செய்ததுபோல.

'வரிப்பணம் வீணாகாதா?'

மானியம் என்றதும் எழும் கேள்வி இது. 'சும்மா கொடுத்தால் மக்களுக்கு மதிப்புத் தெரியாது, கடன் என்றால் பொறுப்பு வரும்' என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு.

மிச்சிகன் ஆய்வுக் குழு இன்னொரு விஷயத்தையும் கண்டது. வீட்டைச் சீரமைப்பது முழுக்க இலவசம் என்று சொல்லியும், வீடு தேடிப் போய், போன் செய்து, விண்ணப்பம் நிரப்ப உதவியும்கூட, அழைத்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேர்தான் கடைசிவரை வந்தார்கள். பேப்பர் வேலை, வேலைக்கு லீவு, அந்நியர் வீட்டுக்குள் வருவது என்று ஆயிரம் தயக்கம். இலவசத்துக்கே இந்த நிலை என்றால், கடனுக்கு எத்தனை ஏழைகள் வருவார்கள்?

பொறுப்பு என்பது இரண்டு பக்கமும் வேண்டும். 'இவ்வளவு மிச்சமாகும்' என்று சொல்லிக் கடன் கொடுக்கும் அரசு, அவ்வளவு மிச்சமாகாவிட்டால் தவணையைத் தானே ஏற்கிறேன் என்று எழுதிக் கொடுக்குமா? அப்படிக் கொடுத்தால் அது நேர்மையான திட்டம். கொடுக்கத் தயாரில்லை என்றால், தன் கணிப்பின் மேல் அரசுக்கே நம்பிக்கை இல்லை என்றுதான் அர்த்தம். தானே நம்பாத கணக்கை நம்பி, ஒரு கூலித் தொழிலாளியைப் பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லக் கூடாது.

அடுத்த முறை 'மிச்சமாகும் பில்லிலேயே தவணை' என்று ஓர் அறிவிப்பு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: பில் குறையாவிட்டால் பணம் யார் கட்டுவது?